எடுக்கும் முன் உரிமம் அறிவோம்

(முதுநிலைக் கடல் உயிரியல் மாணவன், லம்பா லைன்)



"இந்த இசை யாருடையது, தம்பி?"

பள்ளி ஆசிரியர் ஒருவர் எங்களைக் கேட்ட கேள்வி இது. விடை சொல்லத் தெரியாமல் நாங்கள் நால்வரும் தலை குனிந்து நின்றோம். அந்தத் தலைகுனிவே இக்கட்டுரைக்குக் காரணம்.

இளநிலை வகுப்பில் படித்தபோது நண்பர் மூவரும் நானும் சேர்ந்து ஒரு சிறு கணினி ஆட்டம் செய்தோம். ஆவுளியா என்னும் கடற்பசுவைப் பற்றியது அது. ஆவுளியா இத்தீவுகளின் அடையாள விலங்கு. கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. மூச்சு விடுவதற்கு நீரின் மேலே வந்தே தீர வேண்டியது. ஆடுகின்ற சிறுவன் ஆவுளியாவை நடத்திச் செல்ல வேண்டும். புல் மேய வேண்டும்; வலைக்கும் படகுக்கும் தப்ப வேண்டும்; மூச்சு முடியும் முன் மேலே வர வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம். பள்ளிக் கண்காட்சியில் வைத்தோம். பிள்ளைகள் இடம் விட்டு நகரவில்லை. அதைக் கண்ட ஆசிரியர், "எங்கள் பள்ளிக் கணினிகளில் எல்லாம் இதை ஏற்றலாமே!" என்று மகிழ்ந்தார். அடுத்த நொடியே மேலே சொன்ன கேள்வியையும் கேட்டார்.

எங்களுக்குத் தெரியவில்லை. படங்களும் ஒலிகளும் எங்களிடம் வந்த வழி அப்படி. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கம்பிவடம் வந்தது 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள். ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம் அது. அதற்கு முன் செயற்கைக்கோள் வழியே சொட்டுச் சொட்டாக இணையம் வந்தது. ஒரு பாட்டை இறக்க ஓர் இரவு காத்திருந்த வீடு எங்கள் வீடு. ஆகவே, தமிழகம் சென்று திரும்புவோர் பென் டிரைவில் கொண்டு வருவதே எங்களுக்குப் புதையல். அது கைமாறிக் கைமாறி வரும். அப்படி வந்த ஒரு கோப்புறையின் பெயர் 'இலவச இசை'. அந்த ஒரு சொல்லை நம்பி எடுத்தோம். உள்ளே இருந்த ஒலிகளுக்குப் பெயர் '1', '2', '3'. செய்தவர் பெயரும் இல்லை. அவர் எழுதிவைத்த உரிமமும் இல்லை. வழியில் யாரோ ஒருவர் இடம் போதாமல் அவற்றை அழித்திருக்க வேண்டும்.

ஆசிரியர் கேட்டது நேர்மையான கேள்வி. விடை இல்லாததால் ஆட்டம் பள்ளிகளுக்குச் செல்லவில்லை. குறை அவருடையதன்று, எங்களுடையதே. அதன்பின் நாங்கள் கற்றதை இங்கே முறையாக எடுத்துரைக்க முயல்கிறேன்.

இலவசம் வேறு, உரிமை வேறு

முதலில் ஓர் அடிப்படையை உணர வேண்டும். ஒரு படத்தையோ இசையையோ ஒருவர் படைத்த அந்தக் கணமே அதன் பதிப்புரிமை அவருக்கு உண்டாகிவிடுகிறது. பதிவு செய்ய வேண்டும் என்பதில்லை. உரிமைக் குறி போட வேண்டும் என்பதுமில்லை. நம் நாட்டில் இதனை ஆள்வது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். நூலுக்கும் ஓவியத்துக்கும் இசையமைப்புக்கும் படைத்தவர் வாழ்நாளும், அதற்குமேல் 60 ஆண்டுகளும் காப்பு உண்டு. அந்த 60 ஆண்டுகள் அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். எடுத்துக்காட்டாக, 1964இல் மறைந்த ஓர் ஓவியரின் ஓவியங்கள் 2024 இறுதிவரை காப்பில் இருந்து, 2025 சனவரி முதல் நாள் பொதுவுடைமை ஆயின.

ஆகவே, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது என்பதால் ஒன்று பொதுச்சொத்து ஆகிவிடாது. தெருவோரத்து வேலியில்லா மாமரத்துக்கும் உடையவன் உண்டு. 'வேண்டியவர் பறித்துக்கொள்ளலாம்' என்று அவன் எழுதித் தொங்கவிட்டிருந்தால் அன்றோ நாம் கை நீட்டலாம்? அவ்வாறு எழுதித் தொங்கவிட்ட பலகையே திறந்த உரிமம்.

கல்விக்குச் சட்டம் சில விலக்குகளைத் தந்திருக்கிறது. மாணவரும் ஆசிரியரும் கல்வி நிலையப் பணியின் பகுதியாக, தம்மவரும் பெற்றோரும் மட்டுமே காண ஒரு பாட்டைப் பாடி நடிப்பது குற்றமன்று என்று 52ஆம் பிரிவு கூறும். எனவே நம் மன்ற விழாவில் பாடுவோர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாட்டை ஆட்டத்தில் சேர்த்து ஊரெங்கும் படியெடுத்து வழங்குவது வேறு செயல். அங்கே விலக்கு நம்மைக் காவாது, உரிமம் வேண்டும்.

பாரதியின் பாடல்கள் கற்பித்த பாடம்

இச்செய்தி தமிழருக்குப் புதிதன்று. பாட்டின் உரிமை யாருக்கு என்னும் வினாவை நாடே எழுந்து கேட்ட வரலாறு நமக்கு உண்டு.

பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை காலப்போக்கில் வணிகர் கைக்குச் சென்றது. பின்னர்ப் பட அதிபர் ஏ. வி. மெய்யப்பன் அதனை விலைக்கு வாங்கினார். 1947இல் வெளிவந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் முழங்கின. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாடல் இடம்பெற்றபோது, உரிமை மீறல் என்ற சிக்கல் எழுந்தது. 'மக்களுக்காகப் பாடியவன் பாட்டு ஒருவர் பெட்டியில் பூட்டிக் கிடப்பதா?' என்று எழுத்தாளரும் கலைஞரும் கேட்டனர். பாரதியை விடுவிக்க வேண்டும் என்ற இயக்கம் வளர்ந்தது. மெய்யப்பனும் தம் உரிமையை விட்டுக் கொடுத்தார். 1949இல் சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்றது. 1950களின் நடுவில் அதனைப் பொதுமக்களுக்கே உரிமையாக்கிற்று. அன்றைய சட்டப்படி வாழ்நாளுக்குப் பின் 50 ஆண்டுகள் காப்பு. அரசு முன்வராதிருந்தால் 1971 இறுதிவரை நாம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இதனைப் பின்பற்றியே எழுத்தாளர் பலரின் நூல்கள் தமிழ்நாட்டில் நாட்டுடைமை ஆயின. அவர்தம் குடும்பத்தாருக்கு அரசு பரிவுத்தொகை வழங்கியது. அந்நூல்கள் பலவற்றை இன்று யாரும் அச்சிடலாம், இணையத்தில் ஏற்றலாம்.

நாட்டுடைமை அரிய செயல்தான். ஆயினும் அதில் ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலும் அது படைத்தவர் மறைந்த பின்னரே நிகழ்கிறது. அரசின் ஆணைக்குக் காத்திருக்கிறது. புகழ் பெற்றவர்க்கே வாய்க்கிறது. இருபது வயதில் ஒரு மீன் படம் வரைந்த மாணவி, "இதை யாரும் பயன்படுத்துக" என்று சொல்ல விரும்பினால் அவளுக்கு எந்த அரசாணை கிடைக்கும்? அவளே, இன்றே, தன் கையாலேயே கதவைத் திறந்து வைக்கும் வழிதான் திறந்த உரிமம்.

ஒரு கட்டாயமும் மூன்று நிபந்தனைகளும்

இவ்வழியில் பெரிதும் வழங்குவன கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் நிறுவனத்தின் உரிமங்கள். அந்நிறுவனம் 2001இல் அமெரிக்காவில் தோன்றியது. 2002 இறுதியில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. 2013இல் வந்த 4.0 என்னும் பதிப்பே இப்போது நடப்பில் உள்ளது. ஆறு உரிமங்கள் உள்ளன. பெயர்கள் நீளமாகத் தோன்றினும், நான்கு கூறுகளை அறிந்தால் ஆறும் விளங்கிவிடும்.

முதற்கூறு பெயர் சுட்டல், குறியீடு 'பிஒய்'. படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். இஃது ஆறு உரிமங்களிலும் உண்டு.

இரண்டாவது அவ்வாறே பகிர்தல், குறியீடு 'எஸ்ஏ'. நீங்கள் மாற்றிச் செய்ததை வெளியிட்டால், அதையும் அதே உரிமத்தின்கீழ்ப் பிறர்க்கு வழங்க வேண்டும். பெற்ற விதையில் விளைந்ததை ஊருக்கும் விதையாகக் கொடு என்பது இதன் கருத்து.

மூன்றாவது வணிகம் கூடாமை, குறியீடு 'என்சி'. பொருள் ஈட்டுதலை முதன்மை நோக்கமாகக் கொண்டு பயன்படுத்தக் கூடாது.

நான்காவது மாற்றம் கூடாமை, குறியீடு 'என்டி'. இருந்தபடியே பகிரலாம், வெட்டியோ ஒட்டியோ மாற்றியதை வெளியிடக் கூடாது.

இந்த ஆறுக்கும் அப்பால் 'சிசி ஜீரோ' என்னும் ஆவணம் ஒன்று 2009இல் வந்தது. படைத்தவர் தம் உரிமைகளைச் சட்டம் இடம் தரும் அளவுக்கு முற்றும் துறந்துவிடுகிறார். பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நம் சட்டத்தின் 21ஆம் பிரிவும் படைப்பாளி தம் உரிமையைத் துறக்க வழி வைத்திருக்கிறது.

இவ்வுரிமங்களை ஒருமுறை வழங்கிய பின் திரும்பப் பெற இயலாது என்பதும் நினைவிருக்கட்டும். கொடுத்தவர் நாளை மனம் மாறினாலும், இன்று முறைப்படி எடுத்த உங்கள் ஆட்டம் நிலைத்து நிற்கும்.

கலக்கும்போது வரும் சிக்கல்

ஒரே பொருளை எடுத்தாளும்போது குழப்பம் இல்லை. இரண்டைக் கலக்கும்போதே அறிவு வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

ஆவுளியாவின் படம் ஒன்று 'பிஒய்-எஸ்ஏ' உரிமத்தில் கிடைக்கிறது. கடற்புல் படம் ஒன்று 'பிஒய்-என்சி-எஸ்ஏ' உரிமத்தில் கிடைக்கிறது. இரண்டையும் ஒட்டித் திருத்தி ஒரே ஓவியமாக்கினால் அதனை எந்த உரிமத்தில் வெளியிடுவது? முதற்படம், "என் உரிமத்திலேயே வெளியிடு; வணிகத்தைத் தடுக்காதே" என்கிறது. இரண்டாவது, "என் உரிமத்திலேயே வெளியிடு, வணிகத்தைத் தடு" என்கிறது. இரண்டுக்கும் ஒருசேரக் கீழ்ப்படிய முடியாது. எனவே அவ்வோவியத்தை வெளியிடவே முடியாது. இரண்டும் காசில்லாமல் கிடைத்தவைதாம்; ஆயினும் கலக்கக் கூடாதவை. வேதியியல் கூடத்தில் எதை எதனோடு சேர்க்கலாம் என்று பார்த்துச் சேர்க்கும் நாம் இங்கும் அவ்வாறே பார்க்க வேண்டும்.

படத்தைத் திருத்தினால் திருத்திய படத்துக்கு எஸ்ஏ நிபந்தனை ஒட்டிக்கொள்ளும். ஆட்டத்தை இயக்கும் நிரல்வரிகள் தனிப் படைப்பு. ஆகவே பலர் நிரலுக்கு ஓர் உரிமமும் கலைப்பொருள்களுக்கு ஓர் உரிமமும் எனத் தனித்தனியே எழுதி வைக்கின்றனர். அதுவே தெளிவான முறை.

இசையில் மூன்று அடுக்கு

ஓவியத்தைவிட இசையில் தவறு நேர்வது எளிது. ஏனெனில் ஒரு பாட்டில் உரிமை மூன்று அடுக்காக இருக்கிறது. சொல்லுக்கு ஓர் உரிமை. மெட்டுக்கு ஓர் உரிமை. பாடிப் பதிந்த ஒலிக்கு ஓர் உரிமை.

பாரதியின் சொல் இன்று நம் எல்லோர்க்கும் உரியது. ஆயினும் அச்சொல்லுக்கு இன்றைய இசையமைப்பாளர் ஒருவர் போட்ட மெட்டு அவருடையது. அம்மெட்டை ஒரு நிறுவனம் பதிந்து வெளியிட்ட ஒலி அந்நிறுவனத்துடையது. ஒலிப்பதிவுக்கு வெளிவந்த பின் 60 ஆண்டுகள் காப்பு உண்டு. 1847இல் மறைந்த தியாகராசரின் கீர்த்தனை பொதுவுடைமை. சென்ற ஆண்டு ஒருவர் அதைப் பாடி வெளியிட்ட பதிவு பொதுவுடைமையன்று. 'பழைய பாட்டுத்தானே!' என்று எடுப்போர் தடுக்கி விழும் இடம் இதுவே. வழி மிக எளிது: பழைய சொல்லை எடுத்து, நம் மாணவரே மெட்டமைத்து, நம் மாணவியே பாடினால் மூன்று அடுக்கும் நம் கையில்.

இன்னொன்றும் உண்டு. 'என்டி' உரிமம் பெற்ற இசையை நகரும் படத்தோடு காலம் பொருத்தி இணைத்தால், அதுவே 'மாற்றம்' எனக் கொள்ளப்படும் என்று அவ்வுரிமங்கள் வெளிப்படையாகக் கூறுகின்றன. ஒரு நொடியும் வெட்டாமல் முழுதாகச் சேர்த்தாலும் தவறுதான். ஆட்டத்துக்கும் படத்துக்கும் இசை தேடுவோர் 'என்டி' கண்டால் விலகிச் செல்வதே நன்று.

எங்கே தேடுவது?

ஆட்டத்துக்கான படமும் இசையும் தேடுவோர்க்கு 2009இல் தோன்றிய ஓபன்கேம்ஆர்ட் என்னும் களஞ்சியம் உதவும். வணிகத்தைத் தடுக்கும் உரிமங்களை அங்கே ஏற்பதில்லை. எனினும் ஒவ்வொரு பொருளுக்கும் உரிமம் வேறு. ஒவ்வொன்றையும் தனியே படிக்க வேண்டும். ஒலிகளுக்கு ஃப்ரீசவுண்ட் சிறந்தது. பார்சிலோனாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் 2005இல் பிறந்தது அது. நம்மைப் போன்றோர் வளாகத்தில் தொடங்கியது என்பதில் நமக்கும் ஒரு மகிழ்ச்சி. அங்கே சிசி ஜீரோவும் உண்டு, பிஒய்யும் உண்டு, வணிகம் தடுப்பதும் உண்டு. கென்னி என்பார் வழங்கும் ஆட்டப் படங்கள் சிசி ஜீரோவில் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குவோர்க்கு அவை தொல்லையற்றவை. பறவைக் குரல்களுக்கு ஜீனோகாண்டோ உண்டு. ஆனால் அங்குள்ளவற்றில் மிகப்பல வணிகம் தடுப்பவை, சில மாற்றமும் தடுப்பவை.

தமிழ் எழுத்துருக்களையும் மறவாதீர். எழுத்துருவும் ஒரு கலைப்பொருளே. நோட்டோ தமிழ், மீரா இனிமை, முக்த மலர், பாலூ தம்பி முதலியன திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளன. ஆட்டத்தோடு சேர்த்து வழங்கலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது. ஆட்டம் கட்டுவதற்கான கோடோ என்னும் மென்பொருளும் 2014 முதல் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது.

குறிப்பேட்டில் நான்கு வரி

பெயர் சுட்டுவது எப்படி? பொருளின் தலைப்பு, படைத்தவர் பெயர், எடுத்த இடம், உரிமத்தின் பெயரும் பதிப்பும் ஆகிய நான்கையும் எழுதுங்கள். மாற்றியிருந்தால் 'மாற்றப்பட்டது' என்ற ஒரு சொல்லையும் சேருங்கள். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைப் போல, எடுத்த அன்றே எழுதுங்கள். பின்னர் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவர் பின்னர் எழுதியதில்லை; எங்களைவிட அதற்குச் சான்று வேண்டா.

அக்குறிப்பைப் படங்களும் ஒலிகளும் இருக்கும் அதே கோப்புறைக்குள்ளேயே வையுங்கள். பென் டிரைவில் கைமாறும்போது பொருளும் பெயரும் பிரியாமல் செல்ல வேண்டும்.

தவறு நேர்ந்தால்? அஞ்சி மறைக்க வேண்டா. 4.0 பதிப்பில் ஓர் இரக்கம் உண்டு. நிபந்தனையை மீறியதும் உரிமம் தானே அற்றுப்போகும். ஆனால் பிழையை அறிந்த 30 நாளுக்குள் அதைத் திருத்திவிட்டால் உரிமம் தானே மீளும். பிழை செய்தவனுக்கும் திரும்பி வரும் வாயிலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் கண்ட முகம்

எங்கள் ஆட்டத்தின் கதையை முடித்துவிடுகிறேன். ஒவ்வொரு கோப்பாகத் தேடினோம். பலவற்றின் மூலம் கிடைக்கவில்லை, அவற்றை நீக்கினோம். பறவைக் குரல் ஒன்றின் மூலம் கிடைத்தது. மாற்றம் கூடாது என்ற உரிமம். நாங்களோ அதனை மூன்று துண்டாக வெட்டியிருந்தோம். நீக்கினோம்.

அலையோசை ஒன்றின் மூலமும் கிடைத்தது. அதன் உரிமம் வெறும் பிஒய். பதிந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது. காசு கேட்கவில்லை, கடிதம் கேட்கவில்லை. ஏதோ ஒரு கரையில், அதிகாலையில், காற்று அடங்கும் வரை காத்திருந்து பதிந்ததாக அவர் எழுதியிருந்தார். அந்த ஓசையைத்தான் நாங்கள் '3' என்று அழைத்துக் கொண்டிருந்தோம்!

பொருள் கேட்டவர்க்குக் கொடுக்க நம்மிடம் இல்லாமற் போகலாம். பெயர் மட்டும் கேட்டவர்க்கு அதையும் கொடாமல் விடுவதற்கு என்ன வறுமை காரணம் சொல்வது? அன்றே அவர் பெயரை எழுதினோம். ஆட்டத்தின் முடிவில் இன்று அப்பெயர் தமிழ் எழுத்தில் வருகிறது. ஆசிரியரிடம் மீண்டும் சென்றோம். பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இப்போது கொடுங்கள், தம்பி" என்றார்.

நாமும் கொடுப்போம்

தோழர்களே! எடுப்பதைப் பற்றியே இதுவரை பேசினேன். கொடுப்பதைப் பற்றி ஒரு சொல். அக்களஞ்சியங்களில் தேடிப் பாருங்கள்: பனிமலை உண்டு, கோட்டை உண்டு, குதிரை வீரன் உண்டு. பல்லாங்குழி எத்தனை? கட்டுமரம் எத்தனை? பவளப்பாறையும் படாக் மரமும் எத்தனை? பிறர் வந்து வரைந்து வைப்பார் என்று காத்திருப்பது முறையாகுமா? உங்களில் வரைவோர் உளர், பாடுவோர் உளர், தவிலும் பறையும் அறிந்தோர் உளர். ஆண்டுக்கு ஒன்று, உரிமம் எழுதி, உலகுக்குக் கொடுங்கள்.

என் தந்தையார் கப்பலேறி இத்தீவுக்கு வந்து, லம்பா லைனில் விமான நிலையத்தின் ஓசைக்கு அருகே ஒரு தகரக் கூரை வீடு கட்டினார். சென்ற மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், விமானம் ஏதும் வராத நேரம் பார்த்து, அக்கூரையில் விழும் மழையை இரண்டு நிமிடம் பதிந்தேன். சிசி ஜீரோவில் வெளியிட்டேன். பெயர் வேண்டாம் என்றே எழுதியிருக்கிறேன். ஆயினும் கோப்புக்குத் தலைப்பு வைத்திருக்கிறேன்: 'தகரக் கூரை மழை, லம்பா லைன்'. எண் மட்டும் போட மனம் வரவில்லை.